உப்புத் தண்ணீரில் துடைத்த பாலாடைக்கட்டி

ஆராயிக்கு நாற்பது வயதில்தான் அடுப்படி வேலை வாய்த்தது. மேட்டூர் அணையில் தண்ணீர் ஏறி அவளுடைய வீடும் காடும் முழுகிப் போனபின், இரண்டு பெண்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மின்நிலையத்துத் துரையின் பங்களாவில் வந்து நின்றாள். பாத்திரம் தேய்க்கச் சேர்ந்தவள். சமையல்காரர் ரஹமத்துல்லா ஒரு வாரம் சேலம் போனதும் எல்லாம் அவள் தலையில் விழுந்தது.

துரை சுவிட்சர்லாந்துக்காரர். தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார். வியாழக்கிழமை ஒரு மரப்பெட்டியை அவளிடம் கொடுத்து, "எங்கள் ஊர்ப் பாலாடைக்கட்டி. ஞாயிறு பெரிய துரைக்கு விருந்து. பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டியைத் திறந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செங்கல் நிறத்தில் பிசுபிசுத்த தோல். எலி செத்த நாற்றம். கப்பலில் வந்தது கெட்டுப்போயிருக்கிறது, பழி தன் மேல்தான் விழும் என்று அவள் முடிவு கட்டினாள். போன வருஷம் பால் திரிந்ததற்கே ஒரு வேலைக்காரியை அன்றே அனுப்பிவிட்டார்களே!

ஆற்றுமீனின் கவிச்சி போக என்ன செய்வாளோ அதையே செய்தாள். உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துக் காலையும் மாலையும் துடைத்தாள். மஞ்சளும் தடவியிருப்பாள், நிறம் காட்டிக்கொடுத்துவிடும் என்று விட்டாள். பாழாய்ப்போன நாற்றமோ துடைக்கத் துடைக்க ஏறியது. சனிக்கிழமை அதை அணைக்குள் வீசிவிட்டு பங்களா நாய் மேல் பழியைப் போடலாமா என்றுகூட நினைத்தாள். பாவம், அந்தக் கிழட்டு நாய் அவள் காலடியில்தான் படுத்திருந்தது. மனசு வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் தட்டை மூடிக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். துரை மூடியைத் தூக்கினார். பெரிய துரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார்.

துரை தோலை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "ஆராயி! இதை யார் கழுவியது?"

"நாந்தானுங்க சாமி, உப்புத் தண்ணில. தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க. வேலைய உட்டு அனுப்பிராதீங்க. போறதுக்கு ஊடு தண்ணிக்குள்ள கெடக்குதுங்க."

துரை மெதுவாகச் சொன்னார்: "எங்கள் மலையில் என் அம்மா இப்படித்தான் கழுவுவாள். உப்புத் தண்ணீர்தான். நாற்றம் வந்தால்தான் பழுத்தது என்று அர்த்தம்."

அவித்த உருளைக்கிழங்கை ஆவி பறக்கப் பிளந்து, தோலோடு ஒரு துண்டு வைத்து, அது இளகும்வரை பொறுத்து, அவளிடம் நீட்டினார். "மூச்சை அடக்கி வாயில் போடு. அப்புறம் மூச்சை விடு."

போட்டாள். நாற்றம் மூக்கோடு நின்றுவிட்டது. நாக்கில் நெய் காய்ச்சிய சட்டியின் அடிக்கசண்டு ருசி. கண்ணில் தண்ணீர் முட்டியது. அது பயம் விட்ட தண்ணீர்.

"அடுத்த கப்பலில் நான்கு பெட்டி வருகிறது. ரஹமத்துல்லா நாற்றத்துக்குப் பயந்து இதைத் தொடமாட்டார். நீ இங்கேயே இருந்து கழுவ வேண்டும்" என்றார் துரை.

"நாலு பொட்டியா!" என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள் ஆராயி. "கழுவறனுங்க சாமி."