நீலத் தங்லோங்

கண் கட்டை அவிழ்த்ததும் அம்மா முதலில் பார்த்தது தாதியின் கையுறையைத்தான்.

"இது நீலமா?" என்று கேட்டார்.

தாதி சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அம்மா இடது கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு வலது கண்ணை மூடிப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "ஏன்டி, நீலம் இப்படியா இருக்கும்? எனக்கு மறந்தே போச்சே!" என்றார்.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. அறுவை என்றாலே பயந்து நாள் கடத்திக்கொண்டே வந்தவரை எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்தேன். வலது கண்ணுக்கு மட்டும் முடிந்திருந்தது. இடது கண்ணுக்கு இன்னும் முறை வரவில்லை. புதுக் கண்ணில் பார்த்தால் மருத்துவமனைச் சுவர் வெள்ளை, பழைய கண்ணில் பார்த்தால் அதே சுவர் தேத்தண்ணி நிறம். வீட்டுக்குத் திரும்பக் காடியில் ஏறியதிலிருந்து இதே விளையாட்டுதான். ஒரு கண்ணைப் பொத்துவார், திறப்பார், மறு கண்ணைப் பொத்துவார்.

"ரோட்டுக் கோட்டப் பாருடி, என்னா வெள்ள! அந்த பஸ்ஸப் பாரு! வானத்தப் பாரு!"

"அம்மா, நான் காடி ஓட்டறேன்லா. வானத்தப் பாக்க முடியாது."

பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்துக் கடைவரிசையில் காகித விளக்குகள் தொங்கிக்கொண்டிருந்தன. சீனர்களின் மூன்கேக் திருவிழா நெருங்கிவிட்டது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பாளர்கள் மறுநாள் மாலை தங்லோங் விளக்கு ஊர்வலம் வைத்திருந்தார்கள். கீழே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததை நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். அப்போது அவர் காதிலேயே வாங்கவில்லை. பொழுது சாய்ந்தால் வீட்டை விட்டு இறங்காதவருக்கு ஊர்வலம் எதற்கு?

இப்போது, "நிறுத்து, நிறுத்து!" என்றார்.

கடையில் சிவப்பில் மீன் இருந்தது, முயல் இருந்தது, பொத்தானை அழுத்தினால் பாடும் பிளாஸ்டிக் கோழிகூட இருந்தது. நீலம் மட்டும் இல்லை. கடைக்காரர் உள்ளே போய்த் தேடிவிட்டு வந்து கையை விரித்தார். நான் அந்த மீனை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று பார்த்தேன். அம்மா அதற்குள் நீலக் கண்ணாடித்தாள் சுருள் ஒன்றையும் பட்டம் செய்கிற வெள்ளைத்தாளையும் எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"இல்லன்னா என்னா? நாமளே செஞ்சிருவோம்."

எங்கள் இருவருக்கும் தங்லோங் செய்யத் தெரியாது. நான் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். ஒரு பரிசுப் பொட்டலத்தைக்கூட ஒழுங்காகச் சுற்ற வராது. அம்மா பல வருடங்கள் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டுப் பார்வை மங்கியதும் நின்றுவிட்டவர். அதன் பிறகு ஊசியில் நூல் கோப்பதைக்கூட விட்டிருந்தார்.

கைப்பேசியில் ஒரு காணொளி கிடைத்தது. பேச்செல்லாம் சீனத்தில். ஒரு சொல்லும் புரியவில்லை. அந்தப் பெண்ணின் கைகளை மட்டும் பார்த்துப் பார்த்துச் செய்தோம். அடுப்படியில் மிச்சமிருந்த, இறைச்சி கோத்துச் சுடுகிற சாத்தே குச்சிகளை எடுத்து, ஆறு பக்கம் வருகிற மாதிரி நூலால் கட்டினோம். குனியக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் அம்மா மேசையில், நான் தரையில். விழுகிற குச்சியை எல்லாம் பொறுக்குவதுதான் என் வேலை. முதல் கூடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இரண்டாவது, தூக்கியதும் மடங்கிப் படுத்துவிட்டது.

"கருப்புக் கண்ணாடிய போடுங்கம்மா. டாக்டரு என்ன சொன்னாரு?"

"அத வெயில்லதான் போடச் சொன்னாரு. போட்டா எல்லாம் பழையபடி ஆயிருதுடி. கொஞ்ச நேரம் பாத்துக்கறேனே."

மூலைகளில் குறுக்குக் குச்சி வைத்துக் கட்டியதும் மூன்றாவது கூடு நின்றது. அதை மேசையில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை! நான் கைதட்டியதில் சன்னலில் இருந்த புறா பறந்தது.

வெள்ளைத்தாளில் மாங்காய் வடிவில் ஓட்டைகள் வெட்டி, உள்பக்கம் நீலத் தாளை ஒட்டினோம். ஓர் இடத்தில் தாள் இரண்டாக மடிந்து ஒட்டிவிட்டது. நான் பிய்க்கப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டார். மடிந்த இடத்தில் நீலம் ஆழமாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு வேண்டுமென்றே சில இடங்களில் இரண்டு மடிப்பு, சில இடங்களில் மூன்று மடிப்பு. உள்ளே பேட்டரி விளக்கை வைத்து, சன்னல் திரையை இழுத்துவிட்டு, பொத்தானை அழுத்தினேன்.

வரவேற்பறைச் சுவர் முழுவதும் நீல மாங்காய்கள். அம்மா வெளிச்சத்துக்குள் கையை நீட்டினார். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. இதை உடனே யாருக்காவது காட்ட வேண்டும். தூக்கிக்கொண்டு போய் வாசல் கம்பிக் கதவுக்கு மேலே ஆணியில் மாட்டினேன். மாலை இருட்டத் தொடங்கியிருந்தது. நடைபாதையே நீலமாகிவிட்டது.

அப்போது மின்தூக்கி திறந்து, பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி காய்கறிப் பைகளோடு வந்தார். விளக்கைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். பை ஒன்று கையிலிருந்து நழுவித் தக்காளிகள் உருண்டன.

"சியாப்பா மெனிங்கால்?"

யார் இறந்துபோனது என்று கேட்கிறார். ஏன் அப்படிக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. நான் விழிப்பதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அக்கா? ஆஸ்பித்தால்... அக்கா?" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது. அம்மா அறுவைக்குப் போனது அவருக்குத் தெரியும். போகும் முன் பயம் தீரக் கையைப் பிடித்துப் பேசி அனுப்பியவரே அவர்தான்.

"யாருடி வாசல்ல?" என்று கேட்டுக்கொண்டே அம்மா வெளியே வந்தார்.

ஆண்ட்டி ஒரு கத்துக் கத்தினார். பிறகு பாய்ந்து வந்து அம்மாவின் தோளில் ஓர் அடி. அடித்த கையாலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் மலாயில் மூச்சுவிடாமல் திட்டினார். அந்தத் திட்டுக்குள்ளேதான் விஷயம் தெரிந்தது. வெள்ளை விளக்கில் நீலம் என்றால் அவர்கள் வழக்கத்தில் அது துக்க வீட்டு அடையாளம். ஆள் தவறிப்போன வாசலில்தான் தொங்கும்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விளக்கைக் கழற்றிக்கொண்டு உள்ளே ஓடினேன். இவ்வளவு ஆசையாகச் செய்ததாயிற்றே, அம்மா வாடிப்போவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னைய சாவடிச்சிட்டியேடி! நானே என் சாவுக்கு வெளக்கு செஞ்சிருக்கேன்!"

"சிரிக்காதீங்கம்மா, கண்ணு! தண்ணி வரும்!"

நீலத்தைப் பிய்த்துவிடவா என்று கேட்டதற்கு அம்மா ஒரே பிடியாக முடியாது என்றார். ஆண்ட்டி விளக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மேரா தாரோ," என்றார். சிவப்பு வை. சொன்னதோடு நிற்காமல் வீட்டுக்குப் போய், சீனப் புத்தாண்டில் மிஞ்சிய, காசு வைத்துக் கொடுக்கிற அங்பாவ் உறைகளை ஒரு கட்டு அள்ளி வந்தார். பொன் பூக்கள் அச்சிட்ட சிவப்பு உறைகள். மறுநாள் காலையிலிருந்தே அவர் எங்கள் மேசையில்தான் இருந்தார். விளிம்பெல்லாம் சிவப்புப் பட்டை, அடியில் சிவப்புக் குஞ்சம். அம்மா ஒரு மாங்காயைக் காப்பாற்றினால் அவர் அதைச் சுற்றி ஒரு பூவை ஒட்டுவார்.

"போதும் ஆண்ட்டி, சுக்கூப்!"

"பெலும்!" இன்னும் இல்லையாம்.

நான் இருவருக்கும் நடுவில் பசையோடு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அது துக்க விளக்காகவும் இல்லை, கடை விளக்காகவும் இல்லை. சிவப்புப் பாவாடை கட்டிய நீலப் பூசணிக்காய் மாதிரி இருந்தது. அவ்வளவு அழகு!

மாலையில் திடல் நிறையப் பிள்ளைகள், விளக்குகள். எங்கள் தங்லோங்கைப் பார்த்ததும் ஒரு கூட்டமே சூழ்ந்துகொண்டது. எங்கே வாங்கியது என்று யாரோ கேட்க, ஆண்ட்டி நெஞ்சைத் தட்டி, நாங்கள் செய்தது என்றார். ஊர்வலம் நகர்ந்தபோது அம்மாவுக்காகக் கையை நீட்டினேன். பக்கத்தில் ஆள் இல்லை. விளக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்ட்டியோடு எங்கோ முன்னால் போய்விட்டிருந்தார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். விளையாட்டு மைதானத்து வளைவில் இருவரையும் பிடித்தபோது அம்மா தலையை அண்ணாந்து நிலாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கண்ணைப் பொத்தியிருந்தார்.

"அந்த இன்னொரு கண்ணுக்கு எப்பவாம்?" என்றார் மூச்சிரைக்க. "நாளைக்கே போன் பண்ணிக் கேளுலா. சீக்கிரமா தேதி குடுப்பாங்களான்னு கேளு."