தன் வீட்டுக்கே ஹாரன் அடிப்பவள்

இரண்டு முறை அடிப்பாள். சின்னதாக, கதவை விரலால் தட்டுகிற மாதிரி. அடித்துவிட்டு ஸ்டீயரிங்கில் இரண்டு கைகளையும் வைத்து, நேரே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். மாடியை அண்ணாந்துகூடப் பார்க்கமாட்டாள். மாடியில் இருப்பது அவளுடைய வீடுதான். உள்ளே சட்டை மாட்டிக்கொண்டிருப்பது அவள் பெற்ற பிள்ளைகள்தான்.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கண்ணாடிக் கடைக்காரருக்கு இது பொறுக்கவில்லை. ஒரு நாள் முகத்தில் சவர நுரையோடு வெளியே வந்து, "ஏம்மா, மேல ஏறிப் போய்க் கூப்பிட உனக்குக் கால் இல்லையா?" என்று கேட்டேவிட்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "கால் இருக்கு சார். ஏறிடும். திரும்ப இறங்கத்தான் மாட்டேங்குது" என்றாள். அவர் நுரையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவருக்குப் புரிந்திருக்காது. கீழ்வீட்டில் இத்தனை காலமாகக் குடியிருக்கும் எனக்குப் புரிந்தது.

அவள் பள்ளி வேன் ஓட்டுகிறாள். ஒல்லி உடம்பு. வண்டிக்குள் உட்கார்ந்தால் வெளியே தெரிவது கண்ணும் கொண்டையும்தான். சீட்டில் பழைய போர்வையை மடித்துப் போட்டு உயரம் ஏற்றியிருக்கிறாள். யாராவது குறுக்கே புகுந்தால், பிள்ளைகள் காதில் விழக் கூடாதென்று திட்டமாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு "நல்லா இருங்க" என்பாள். அவள் சொல்கிற விதத்தில் கேட்டால் அந்த ஆசீர்வாதம் நமக்கு வேண்டவே வேண்டாம் என்று தோன்றும்.

நான் முழங்கால் வைத்தியத்துக்குப் போகும் நாட்களில் என்னையும் ஏற்றிக்கொள்வாள். அப்போதுதான் அவள் தொழிலைப் பார்த்தேன். ஒரு வீட்டு வாசலில் நிற்பாள், ஹாரன் அடிப்பாள், கதவு திறக்கும், பிள்ளை வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவள் வைத்த பெயர் ஒன்று உண்டு. தூங்கி வழிகிறவன் கொட்டாவி. எதற்கும் எதிர்க்கேள்வி கேட்கிற பெண் வக்கீல். முன்பல் விழுந்தவன் பொக்கைவாய். கடைசி வீட்டுப் பிள்ளை ஏறியதும் கண்ணாடியில் பார்த்தபடியே கூப்பிடுவாள்.

"கொட்டாவி ஏறியாச்சா?"

"ஏறியாச்சு!"

"வக்கீல் ஏறியாச்சா?"

"ஏறாம எப்படிப் பேசுவேன்?"

எல்லாரும் பதில் சொன்ன பிறகுதான் சக்கரம் உருளும். ஊரார் பெற்ற பிள்ளைகளை அத்தனை பத்திரமாகக் கொண்டுபோய் இறக்குவாள். தெருவில் அவளுக்கு நல்ல பேர்.

ஆனால் அப்போதெல்லாம் அவள் வீட்டுக்குள் நிலைமை வேறு. வீட்டுக்காரர் கப்பலில் சமையல் வேலை. வருஷத்தில் பாதி கடலில்தான். பெரியவனையும் சின்னவளையும் ஒற்றை ஆளாக அவளே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டில் காலை எப்படி விடியும் என்பது என் தலைக்கு மேலேயே நடந்தது. நான் ஆண்டவன் பெயரைச் சொல்லிக் கண்ணை மூடுகிற நேரம் பார்த்து மேலே ஆரம்பிக்கும். "சாக்ஸ் எங்கடி?" "டேய், ரெண்டு காலுக்கும் ஒரே ஷூவையா போடுவ?" "சீப்பு எங்க போச்சு, சீப்பு?" சீப்பு அவள் வாயிலேயே இருக்கும். அலமாரி திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். என் கும்பிடும் அவர்கள் சாக்ஸும் கலந்துதான் மேலே போய்ச் சேர்ந்திருக்கும். பிறகு மூவரும் திமுதிமுவென்று இறங்குவார்கள். ஒரு கையில் ஷூ, ஒரு கையில் கடித்த ரொட்டி.

அப்படி ஒரு காலையில்தான் அது நடந்தது. நான் குப்பையைக் கொட்ட வெளியே வந்தேன். வேன் போய்ச் சற்று நேரமாகியிருந்தது. மாடிப்படியின் கடைசிப் படியில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் வெறும் சாக்ஸ். மடியில் தண்ணீர் பாட்டில். அதை எடுக்கத்தான் மேலே ஓடியிருக்கிறாள். அவள் பின்சீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டு போவது வழக்கம். படுத்திருப்பாள் என்று நினைத்து அம்மா கிளம்பிவிட்டாள். பெரியவன் முன்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு போயிருக்கிறான்.

குழந்தை அழவில்லை.

"இங்க என்னம்மா பண்ற?" என்றேன்.

"அம்மா இப்ப வந்துருவாங்க" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எல்லார் பேரும் கூப்பிடுவாங்க ஆன்ட்டி. என் பேரை மட்டும் கூப்பிட மாட்டாங்க. அதான் நான் ஏறலன்னு தெரியல" என்றாள்.

உண்மைதான். தன் பிள்ளைகளை அவள் கூப்பிட்டதே இல்லை. கூடவே வருகிறவர்களை எதற்குக் கூப்பிட வேண்டும்?

பள்ளியில் இறக்கும்போதுதான் பின்சீட்டு காலி என்று பார்த்திருக்கிறாள். வேன் திரும்பி வந்த வேகத்தை நான் சொல்லமாட்டேன். நிறுத்தக்கூடத் தெரியாமல் பாதி நடைபாதையில் ஏற்றி நிறுத்தினாள். பிள்ளை என் வீட்டில் பால் குடித்துக்கொண்டிருந்தாள், கடவுள் புண்ணியம். அம்மா அவளைக் கட்டிக்கொள்ளக்கூட இல்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஷூ இல்லாத அந்தப் பாதத்தை எடுத்துத் தன் கைக்குள் மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

விஷயம் அத்தோடு நிற்கவில்லை. பெரியவன் அப்பாவிடம் போனில் பேசும்போது, "அப்பா, அம்மா பாப்பாவ மறந்துட்டு வந்துட்டாங்க, செம காமெடி" என்று உளறிவைத்தான். கடலில் இருக்கிற மனுஷனுக்கு அது காமெடியாகத் தோன்றுமா? தன் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடிதங்களைப் பிரித்து அடுக்கிப் பழகிய கை. வீட்டில் ஒரு கரண்டி இடம் மாறியிருக்காது. பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். நல்ல மனசுக்காரர்தான். அதனால்தான் பயம். மாதக் கடைசியில் வந்து சின்னவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன், என் வீட்டுப் பக்கத்திலேயே பள்ளியில் சேர்க்கிறேன், நீ நிதானத்துக்கு வா, பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

"சண்டை போட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"எந்த முகத்தோட போடுவேன் அக்கா?" என்றாள். "அண்ணி சொல்றதுல என்ன தப்பு? அவங்க வீட்டுல பிள்ளை தொலையாது."

பிறகு ஒரு சாயங்காலம் வேன் கழுவிக்கொண்டிருந்தவள், ஈரத்துணியோடு நேரே என் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"அக்கா, அத்தனை வீட்டுப் பிள்ளைங்களும் எனக்கு ஒழுங்கா வருது. என் வீட்டுது மட்டும் வரல. ஏன் சொல்லுங்க?"

"ஏன்?"

"மத்த வீட்டுக்குள்ள நான் போறதே இல்ல. ஹாரன் அடிச்சுட்டு உக்காந்திருக்கேன். நம்ம வீட்டுலதான் நான் உள்ள பூந்து, நானே தேடி, நானே கத்தி, நானே குழப்பிவிடறேன்."

மறுநாளிலிருந்து அவளுடைய வீடுதான் வண்டிக்கு முதல் நிறுத்தம். சாப்பாட்டைக் கட்டி மேசையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிடுவாள். அதற்கப்புறம் மேலே ஏறுவதில்லை. ஷூவும் சாக்ஸும் இனி வீட்டிலேயே கிடையாது. வண்டியில், அவரவர் சீட்டுக்கு அடியில். பைகள் முந்தின சாயங்காலமே வண்டி ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஒரு துணிச் சுருட்டு என்று சட்டை, நிக்கர், பனியன் எல்லாம் சேர்த்துப் பாய் மாதிரி சுருட்டி வைத்துவிடுவாள். காலையில் பிள்ளை அலமாரிக்குள் கையை விட்டால் ஒரு சுருட்டு வரும். அவ்வளவுதான் வேலை.

எடுத்த எடுப்பில் சரியாக வந்தது என்று சொன்னால் பொய். முதல் நாளே பெரியவன் சாப்பாட்டு டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தான். பாதி வழியில்தான் சொன்னான். அவள் வண்டியைத் திருப்பவில்லை. சிக்னலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாளாம். அன்றைக்கு வக்கீலும் கொட்டாவியும் அவனுக்குப் பங்கு கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினான். சின்னவள் ஒரு நாள் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வந்தாள், அப்படியே பள்ளிக்குப் போனாள். இன்னொரு நாள் யாரோ பையில் விட்ட பிஸ்கட்டுக்கு எறும்புப் படையே வண்டிக்குள் வந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாரும் காலைத் தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டே போனார்கள்.

கூப்பிடும் வரிசையிலும் அவள் பிள்ளைகள்தான் இப்போது முதல். தனக்கு என்ன பெயர் என்று சின்னவள் கேட்க, "உனக்கு என்ன வேணும்?" என்றிருக்கிறாள். "முதலாளி" என்று பதில் வந்தது. "முதலாளி ஏறியாச்சா?" என்று தெருவே கேட்கிற மாதிரி கூப்பிடுவாள்.

அதற்காக மேலே எல்லாம் பளிச்சென்று ஆகிவிடவில்லை. துவைத்த துணி ஒரு நாற்காலி முழுக்கக் குவிந்து, நாற்காலியே தெரியாமல் கிடக்கும். "இதை மடிச்சு வச்சா என்ன?" என்று நான் ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். "அந்த மலை இருக்கட்டும் அக்கா. அதுக்கு ஸ்கூல் இல்ல" என்றாள்.

என் காலைக் கும்பிடு இப்போது முழுசாக நடக்கிறது. முதல் சில நாள், மேலே சத்தமே இல்லாததால் எனக்குத்தான் வார்த்தை மறந்துபோனது.

மாதக் கடைசி வந்தது. நாத்தனாரும் வந்தார். சனிக்கிழமை அலமாரியில் விரலைத் தேய்த்துப் பார்த்தார். துணி மலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், "நாளைக்குக் காலைல கிளம்பறேன். சின்னதோட துணிய எடுத்து வை" என்று சொல்லிவிட்டார்.

இவள் இறங்கி வந்து என் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வச்சுட்டேன் அக்கா, வண்டியில. யூனிபார்ம் சுருட்டும் எப்பவும் போல மேல வச்சிருக்கேன். சின்னதுகிட்ட இன்னும் சொல்லல. வாய் வரல."

அன்றைக்கு நான் ஆண்டவனிடம் எனக்கென்று எதுவும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை. வாசலில் நின்றிருந்தேன். ஹாரன் இரண்டு முறை அடித்தது. பெரியவன் டப்பாவோடு இறங்கினான். பின்னால் சின்னவள், யூனிபார்மில், பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. வண்டியில் ஏறி, சீட்டுக்கு அடியிலிருந்து ஷூவை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மேலேயிருந்துதான் சத்தம் வந்தது. எத்தனை நாளைக்கப்புறம்!

"என் செருப்பு ஒண்ணக் காணோம்! இங்கதானே விட்டேன்!"

சின்னவள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். "அத்தை! ராத்திரியே வண்டியில வச்சிருக்கணும்!"

"துணி மலைக்கு அடியில பாருங்க அத்தை!" என்றான் பெரியவன். "எங்களுக்கும் அங்கதான் கிடைக்கும்!"

ஓட்டுநர் சீட்டில் இருந்தவளின் கை கதவுப் பிடிக்குப் போனதைப் பார்த்தேன். மேலே ஏறி, தேடி, அண்ணியைச் சமாதானப்படுத்தி... கை அங்கேயே நின்றது. பிறகு மெல்லத் திரும்பி வந்து ஹாரனை இரண்டு முறை அழுத்தியது.

அந்த அம்மாள் மூச்சு வாங்க இறங்கினார். கொண்டை பாதி அவிழ்ந்திருந்தது. செருப்பு இரண்டும் காலில் இருந்தன.

"ஏண்டி, எனக்கே ஹாரனா?"

"எல்லாருக்கும் ஒரே ஹாரன்தான் அண்ணி."

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தவருக்குக் காலடியில் ஒரு பை தட்டுப்பட்டது. "இது என்ன?"

"சின்னதோட துணி. நீங்க எடுத்து வைக்கச் சொன்னீங்களே." குரல் சாதாரணமாக இருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்கள்தான் வெளுத்திருந்தன.

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். சின்னவள் நாக்கைத் துருத்திக்கொண்டு ஷூ பட்டையை ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டி முடித்ததும், "முதலாளி ஏறியாச்சு" என்று யாரும் கேட்காமலேயே சொல்லிவிட்டு, "அண்ணா, உன் தண்ணி பாட்டில்?" என்று அதட்டினாள். அண்ணன் பையைத் தட்டிக் காட்டினான்.

அந்த அம்மாள் பையைத் தூக்கி ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினார். "இந்தாங்க, இத வாங்கிக்குங்க. சாயங்காலம் இவ வந்ததும் குடுத்துருங்க. மேல கொண்டு போய் வைக்கட்டும்."

"அப்ப சின்னது?" என்று நான்தான் கேட்டேன்.

"அவளுக்கு ஸ்கூல் இருக்கு இல்ல?" என்றார் எரிச்சலாக. "என்னை பஸ்ஸுக்கு விட்டுட்டுப் போகட்டும். நேரமாகுது, எடுக்கச் சொல்லுங்க வண்டிய."

பை என் கைக்கு வந்துவிட்டது. வண்டி உடனே நகரவில்லை. அவள் அண்ணியின் பக்கம் சாய்ந்து, தோளுக்கு மேலிருந்த பெல்ட்டை இழுத்தாள். அந்தப் பெரிய உடம்பைச் சுற்றி, புடவை மடிப்பு சிக்காமல் ஒதுக்கிவிட்டு, மெதுவாகக் கொண்டுவந்து மாட்டினாள். சரியாக மாட்டியிருக்கிறதா என்று ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.