நான் பொறுக்கச் சொன்ன நான்கு நாட்கள்

என் தங்கையின் மகள் காய்ச்சலோடு கிடந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்று சொன்னவன் நான். நான்கு நாட்கள் பொறுத்தாள். அவளுடைய கருப்பை போய்விட்டது. உயிர் தப்பியதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.

அதே நிலையில் இருக்கும் பெண்களுக்கும், அவர்கள் யோசனை கேட்கும் என்னைப் போன்ற படித்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

அவளும் கணவனும் இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தவர்கள். சிட்னியின் பிளாக்டவுனில் ஒரு சிறு வீடு, தற்காலிக விசா, இரண்டு பிள்ளைகள். கணவனுக்குத் தொலைவில் ஒரு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் வருவான். மூன்றாவது கரு தங்கியபோது இருவரும் பேசி முடிவெடுத்து, ஒரு வைத்தியரிடம் கருக்கலைப்பு மாத்திரை பெற்றார்கள். எல்லாம் சட்டப்படி நடந்தது. எனக்கு அப்போது எதுவும் தெரியாது.

திங்கட்கிழமை காலை எனக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில்தான் கேட்க வந்ததைக் கேட்டாள்.

"காய்ச்சல் காயுது மாமா. ஆஸ்பத்திரிக்குப் போனா விசாக் கேஸுக்குப் பிரச்சினை வருமோ?"

எங்கள் ஆட்களின் விசாப் படிவங்களையும் திணைக்களக் கடிதங்களையும் வாசித்துச் சொல்பவன் நான். முப்பது வருடம் நகரசபையில் பொறியியலாளனாக இருந்தவன். அவள் வைத்தியரைக் கேட்காமல் என்னைக் கேட்டதற்கு அதுதான் காரணம்.

கணினியில் தேடினேன். கருக்கலைப்புச் செய்யும் வைத்தியர் அதை மாநில சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்று இருந்தது. வேறு நாடொன்றில் சில மாநிலங்கள் பின்விளைவுகளையும் அறிவிக்கச் சொல்கின்றன என்று முன்பு பத்திரிகையில் பார்த்திருந்தேன். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டேன். மேலே வாசிக்கவில்லை.

"பொறு பிள்ளை. அவங்கள் அரசாங்கத்துக்கு எழுதுவாங்கள். ரெண்டு நாள் பாப்பம்."

புதன்கிழமை குளிர் நடுக்கம் என்றாள். பனடோலும், பல் பிடுங்கியபோது எனக்குத் தந்து மிஞ்சியிருந்த அன்ரிபயோட்டிக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வியாழன், "ஒரு மாதிரி மணக்குது மாமா" என்றாள். எங்களில் ஒரு பெண் தாய்மாமனிடம் சொல்கிற விஷயமில்லை அது. சொன்னாள் என்றால் எவ்வளவு பயந்திருப்பாள்! அப்போதும் நான் எழும்பவில்லை.

வெள்ளிக்கிழமை அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி அழைத்துச் சொன்னபோது போனேன். அவளால் நிற்க முடியவில்லை. காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்கப் போனாள். வேண்டாம், நான் மாமன், நானே சொல்கிறேன் என்றேன். சிட்னியில் தமிழ் பேசுகிற குரல் யாருடையதாகவும் இருக்கலாம்; நாளைக்குக் கோயிலில் எங்களுக்குப் பின்னால் நிற்கலாம் என்று பயந்தேன். காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று இளம் பெண் வைத்தியர் கேட்டார். அவளிடம் கேட்காமலே "நேற்று" என்றேன்.

வைத்தியர் இரத்த அழுத்தத்தைப் பார்த்தார். "ஒரு நாள் காய்ச்சலுக்கு இது இப்படி விழாது" என்று சொல்லிவிட்டு, தொலைபேசியைக் கட்டிலில் வைத்து மொழிபெயர்ப்பாளரை அழைத்தார்.

"எத்தனை நாளாக் காய்ச்சல், தங்கச்சி?" ஒரு பெண் குரல்.

"நாலு நாள்."

"ஏன் முந்தி வரேல்லை?"

"மாமா பொறுக்கச் சொன்னவர்."

மொழிபெயர்ப்பாளர்கள் நோயாளியாகவே பேசுவார்கள். "என் மாமா என்னைக் காத்திருக்கச் சொன்னார்" என்று அந்தக் குரல் ஆங்கிலத்தில் சொன்னது. வைத்தியர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே இருக்கும்படி மட்டும் சொன்னார்.

கருவின் மிச்சம் உள்ளே தங்கிச் செப்சிஸ் (தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறி, உறுப்புகளையே கெடுக்கும் நிலை) ஆகியிருந்தது. முதலில் உள்ளே சுத்தம் செய்தார்கள். அடங்கவில்லை. அடுத்த நாள் கருப்பையை எடுத்தார்கள். ஓடிவந்த கணவன் ஒன்றே ஒன்று கேட்டான்: "நீங்கள் எனக்கு ஒரு போன் எடுத்திருக்கலாமே மாமா?"

அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது அந்த வைத்தியரிடம் கேட்டேன், இது விசாத் திணைக்களத்துக்குப் போகுமா என்று. அறிவிப்பு சுகாதாரத் திணைக்களத்துக்கு மட்டும் என்றார். அதில் பெண்ணை அடையாளம் காட்டும் எதுவும் இருக்கக் கூடாது என்பதும் சட்டம். வீட்டுக்கு வந்து பார்த்தேன். நான் நிறுத்திய இடத்துக்கு அடுத்த பந்தியில் அப்படியே இருந்தது.

மாத்திரைக்குப் பின் காய்ச்சலோ, கெட்ட மணமோ, நிற்காத இரத்தமோ இருந்தால் அன்றைக்கே போங்கள். யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டாம்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வேறு பரிகாரம் தெரியாமல், நார்த்மீட்டில் எங்கள் மூத்தோர் ஒன்றுகூடலில் எழுந்து, சட்டத்தை முழுதாகத் தமிழில் வாசித்தேன். நான் ஒரு பெண்ணுக்குத் தவறாகச் சொன்னேன், அவள் சாகக் கிடந்தாள் என்றும் ஒப்புக்கொண்டேன். பெயர் சொல்லவில்லை.

தேநீர் வேளையில் ஒரு பழைய நண்பர் என் காதருகே வந்தார். "ஓய், உம்மட தங்கச்சியின்ர மூத்த பெட்டைதானே? பேர் சொல்லாமலே முழு விலாசமும் குடுத்திட்டீர். படிச்ச மனுசன் எல்லோ!"

ஒரு கிழமைக்குள் எல்லோருக்கும் தெரிந்தது. ஹரிஸ் பார்க் கடையில், அவளுடைய மூத்த மகளின் முன்னாலேயே, ஒரு அன்ரி "இனிப் பிள்ளை பிறக்காதாமே?" என்று கேட்டாளாம். சட்டம் மறைத்து வைத்த பெயரை ஊருக்குச் சொன்னவனும் நான்தான். பள்ளி விடுமுறையோடு அவர்கள் மெல்பேர்னுக்குப் போய்விட்டார்கள். எனக்கு விலாசம் தரவில்லை.

இதை எழுதுவதற்குமுன் தங்கை மூலம் கேட்டனுப்பினேன். இந்த முறை கேட்காமல் எதுவும் செய்வதாயில்லை. அவளே போன் எடுத்தாள். ஆளை மாற்றி, ஊரை மாற்றி எழுதச் சொன்னாள். எழுதியதை வாசித்துக் காட்டச் செய்தாள். இரண்டு இடங்களை வெட்டினாள். மாற்றிய பின்னும் யாராவது கண்டுபிடிப்பார்கள் என்றேன்.

"கண்டுபிடிக்கட்டும். வேற ஒருத்தி நேரத்துக்குப் போவாள்தானே."

உடம்பு எப்படி என்று கேட்டேன்.

"நோவு ஒண்டும் இல்லை. மாசம் முடியிறதுதான் தெரியுதில்லை மாமா. முந்தி உடம்பே சொல்லும். இப்ப சின்னவளின்ர பள்ளிக்கூடக் கடிதத்திலதான் திகதி பாக்கிறன். முப்பத்தொரு வயசு எண்டு படிவத்தில போடுறன். உடம்பு வேற ஆரின்ரையோ மாதிரிக் கிடக்கு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் போனை வைத்துவிட்டாள்.