மூன்று விரல் அளவு

அந்தத் தெருவில் துணி தைக்க அவளை விட்டால் ஆளில்லை. வாய்க்கு வாய் பேசவும் ஆளில்லை. புருஷனோடு ஒத்துவராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. அவள் படுக்கும் கட்டில்கூட அண்ணனுடையதுதான். என்னுடையது என்று அவள் சொல்லிக்கொள்ளத் தையல் மெஷினும், குஞ்சிலிருந்து கொல்லையில் வளர்த்த நான்கு பெட்டைக் கோழிகளும் இருந்தன. அதில் சிவப்புக் கோழிக்குச் சிவப்பி என்று பேர்.

அண்ணன் பைக் மெக்கானிக். எதையும் ஒரே பார்வையில் பழுது என்று சொல்லிவிடுவான். கோழிகளையும் அப்படித்தான் சொன்னான்.

"அஞ்சு மாசமா தின்னு தீக்குதுங்க, ஒரு முட்டையக் காணோம். ஞாயித்துக்கிழமை ஒர்க்‌ஷாப் ஓனர் சாப்பிட வர்றாரு. சிவப்பிய அறுத்துரலாம்."

"கோழிக்கு காலண்டர் பாக்கத் தெரியாதுண்ணே. கொஞ்சம் பொறு."

அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பொறுப்பானா?

அவளோ தினமும் காலையில் கோழிகளைப் பிடித்துப் பார்த்தாள். வெளிறிக் கிடந்த கொண்டை சிவந்து பருத்திருக்கிறதா? பின்பக்கத்து எலும்புகள் இரண்டுக்கும் நடுவே எத்தனை விரல் போகிறது? ஒரு விரல் என்றால் இன்னும் பிஞ்சு, மூன்று போனால் முட்டைக்குத் தயார். தோளில் இஞ்சுடேப் தொங்கினாலும் இந்த அளவுக்கு விரல்தான். சனிக்கிழமை சிவப்பிக்கு மூன்று விரல் தாராளமாகப் போயிற்று.

ஞாயிறு காலை அண்ணன் கத்தியோடு கொல்லைக்கு வந்தான். சிவப்பியின் முதுகுக்கு நேரே கையை நீட்டினான். அது ஓடவில்லை. றெக்கையைப் பாதி விரித்து, தரையோடு தரையாகப் பதுங்கி உட்கார்ந்துவிட்டது. அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"பாத்தியா, காலு விளங்காம போச்சு! நோவு புடிச்ச கோழி. கொன்னு புதைச்சிரணும், இல்லன்னா மத்ததுக்கும் ஒட்டிக்கும்."

கொல்லைத் திண்ணையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அவள், வாயில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டுச் சிரித்தாள்.

"நோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. முட்டைக்கு வந்த பெட்டை முதுகுக்கு மேல கை வந்தா இப்படித்தான் குந்தும். உன்னைய சேவல்னு நெனச்சிருச்சுண்ணே!"

பின்வாசற்படியில் நின்ற அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணனுக்கு முகம் கறுத்துப் போயிற்று.

"என் வீட்டுல நான் சொல்றதுதான். தள்ளு."

"வீடு உன்னோடது. கோழி என்னோடது."

சிவப்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். போ என்று சொல்லிவிட்டால் எங்கே போவது? ஆறு வருஷமாக இந்தப் பயம்தான் அவள் வாயை இந்த வீட்டுக்குள் மட்டும் பாதி அடைத்து வைத்திருந்தது. இன்றைக்கு அதை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அறுக்கணும்னா மொதல்ல என்னைய வெளிய அனுப்பு. மெஷினத் தூக்க மட்டும் ஒரு கை குடு."

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அண்ணி சிரிப்பை நிறுத்தியிருந்தாள்.

"மெஷின நீங்க தூக்குனா மறுபக்கம் நான்தான் புடிக்கணும். நான் புடிக்க மாட்டேன். போய்க் கடையில கறி வாங்கிட்டு வாங்க."

முனகிக்கொண்டே போனான். ஓனர் கடைக்கறியை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை வைக்கோல் கூடையில் ஒரு முட்டை கிடந்தது. கன்னி முட்டை, சின்னது, ஓட்டில் ஒரு துளி ரத்தம். மதியம் அதை அவித்துச் சாப்பிட உட்கார்ந்தாள். அந்த வீட்டில் எதுவானாலும் முதலில் அண்ணன் தட்டுக்குத்தான் போகும். வழக்கம்போல் அவன் தட்டைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினான்.

அவள் ஓட்டை உரித்தாள். முழு முட்டையையும் தன் வாயில் போட்டு, அவன் முகத்தைப் பார்த்தபடியே மென்று விழுங்கினாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றாள்.