இளவரசருக்குப் போர்த்திய பொன்னாடை

எங்கள் வீட்டில் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் வழக்கம் கிடையாது. அதனால் இருநூறு வருடங்களுக்கு முன்பு இறந்துபோன ஒரு ஐரோப்பிய இசைமேதைகூட ஆஸ்திரேலியாவில் ரோவில் என்ற புறநகரிலிருந்த எங்கள் வீட்டுக்குள் வந்தபோது ஒரு உறவுமுறையை வாங்கிக்கொண்டார். அவரிடம் வேலை செய்த வாத்தியக்காரர்கள் அவரை அப்பா என்றுதான் அழைப்பார்களாம். அப்படியென்றால் எனக்கு அவர் அப்பப்பா. வியன்னா அப்பப்பா. பெயர் வைத்தது என் மாமா.

மாமா, அம்மாவின் தம்பி. அகதியாகப் படகில் வந்தவர். எங்கள் கராஜைத் தடுத்துக் கட்டிய அறையில் இருந்துகொண்டு டண்டினோங்கில் பாண், அதாவது ரொட்டி, சுடும் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்வந்தார். மாமியும் அவர்களுடைய மகளான மச்சாளும் வவுனியாவில் இருந்தார்கள். மாமா படகேறியபோது மச்சாள் தவழ்ந்துகொண்டிருந்தாளாம். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அவள் வாட்ஸ்அப்பில் வாயைத் திறந்து, விழுந்த பல்லின் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். மாமாவிடம் இருந்தது தற்காலிக விசா. அதை வைத்துக்கொண்டு குடும்பத்தைக் கூப்பிட முடியாது. அவர்களை எப்படியாவது இங்கே எடுப்பித்துவிட வேண்டும் என்பதுதான் வீட்டின் ஒரே பேச்சு. இவ்வளவும் எனக்குத் தெரியும். இதற்கு மேலும் ஏதோ ஒன்று இருந்தது. அதைப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் குசினிக்குள் போனால், பெரியவர்கள் எல்லோரும் ஒரேயடியாகக் கறியில் உப்புப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

சனிக்கிழமைகளில் என்னை இசைக்குழுப் பயிற்சிக்குக் காரில் கொண்டுபோவது மாமாவின் பொறுப்பு. சிறுவர் இசைக்குழுவில் முதல் வயலின் வரிசையின் முன் கதிரை என்னுடையது. இதையெல்லாம் அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்பார் அம்மா. நன்றாக வாசித்தேன், அதனால் அங்கே இருந்தேன், இதில் அடக்கத்துக்கு என்ன வேலை? இசைக்குழுவை நடத்திய ஆசிரியை வாத்தியத்தைத் தொடுவதற்கு முன் கதை சொல்வார். அடுத்த சனிக்கிழமை அது காரில் மாமாவுக்குப் போய்ச் சேரும். தமிழ் முட்டுப்படுகிற இடங்களை ஆங்கிலம் போட்டு நிரப்பிக்கொள்வேன்.

வியன்னா அப்பப்பா வண்டிச் சில்லு செய்கிறவரின் மகன். சின்ன வயதில் தேவாலயத்தில் பாடினார். குரல் உடைந்ததும் வெளியே அனுப்பிவிட்டார்கள். முன்னால் நின்ற பையனின் சடையைக் கத்தரித்ததும் ஒரு காரணம் என்று ஒரு கதை உண்டு. பிறகு பட்டினி கிடந்து, தானாகவே படித்து, கடைசியில் ஒரு இளவரசரின் மாளிகையில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். உலகமே மதித்த மேதை, அங்கே வேலைக்காரரைப் போலச் சீருடை போட்டுக்கொண்டு நின்றார்.

அவருடைய சிம்பொனிகளை வாசிக்கிறவர்களுக்குத்தான் அவருடைய குறும்பு முழுவதும் தெரியும். ஆரவாரமாகத் தொடங்கமாட்டார். நாலைந்து சுரத்தில் ஒரு சின்னத் துண்டை எடுத்து நடுவில் போடுவார். அதையே பிரித்து, கவிழ்த்து, வயலினிடமிருந்து குழலுக்கும் குழலிடமிருந்து செலோவுக்கும் எறிந்து எறிந்து ஒரு முழு வீட்டையே கட்டிவிடுவார். முடிந்ததென்று கைதட்டப் போனால் முடிந்திருக்காது. தாலாட்டுப்போல வாசிக்கவிட்டு, நாம் கண் அயரும் நேரம் பார்த்து முரசை ஓங்கி அடிக்க வைப்பார்.

"உந்த ஆள் சரியான பகிடிக்காரன் பிள்ளை," என்பார் மாமா. அவரும் அப்படித்தான். அதனால்தான் அப்பப்பாவை அவருக்குப் பிடித்துப்போனது.

அந்த வருடக் கடைசிக் கச்சேரிக்கு நாங்கள் எடுத்துக்கொண்ட சிம்பொனிக்கு ஒரு கதை உண்டு. இளவரசர் கோடை காலத்தில் எங்கோ சதுப்பு நிலத்தில் கட்டிய மாளிகையில் போய் இருந்துவிடுவார். வாத்தியக்காரர்களும் கூடவே இருக்க வேண்டும். மனைவி பிள்ளைகளைக் கூட்டிவர அனுமதி இல்லை. ஒரு வருடம் கோடை முடிந்தும் இளவரசர் கிளம்புகிற பாடாக இல்லை. எல்லோரும் அப்பப்பாவிடம் வந்து அழுதார்கள். சீருடை போட்டவர் இளவரசரிடம் நேரே போய்ச் சொல்ல முடியுமா? அவர் ஒரு சிம்பொனி எழுதினார். கோபமாகத் தொடங்கும். கடைசிப் பகுதி ஓட்டமாக ஓடி, சடாரென்று நின்று, மெல்லிய இசையாக மாறும். அதிலே ஒவ்வொருவராகத் தங்கள் பங்கை முடித்து, மெழுகுதிரியை ஊதி அணைத்து, வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போவார்கள். இறுதியில் இரண்டே இரண்டு வயலின்கள். அவையும் ஓயும். இளவரசருக்கு விளங்கிவிட்டது.

"அப்ப எல்லாரும் வீட்டை போயிட்டினமோ?" என்று கேட்டார் மாமா.

"ஓம் மாமா. நெக்ஸ்ட் டேயே!"

அந்த இரண்டு வயலின்களில் ஒன்று என்னுடையது. மற்றது என் பக்கத்துக் கதிரைச் சீனப் பெண்ணுடையது. அதோடு கச்சேரிக்குப் பிரதம விருந்தினராக எங்கள் தொகுதி எம்.பி. வருவதாக ஆசிரியை அறிவித்தார். எனக்கு எல்லாம் பளிச்சென்று பொருந்திவிட்டது. குடும்பத்தைப் பிரிந்திருக்கிற மாமா, விட மறுக்கிற அரசாங்கம், முன்வரிசையில் இளவரசர். சரியாக வாசிப்பது ஒன்றுதான் பாக்கி. அதை என்னிடம் விட்டுவிடலாம்.

காரில் திட்டத்தைச் சொன்னேன். "எம்.பி.க்கு விளங்கும் மாமா. பிறகு மாமிய வர விடுவார்."

மாமா திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டிப் போய்விட்டார். அடுத்த சந்தியில் காரைத் திருப்பிக்கொண்டே, "அந்தாள் எங்க இருப்பார்?" என்று கேட்டார்.

"முன்னுக்கு. நடுவில."

"கடைசி இடத்தைக் கொஞ்சம் மெல்லமா வாசி என்ன. அவருக்குக் கேக்காட்டியும் பறவாயில்லை."

அது ஏற்கெனவே மெல்லமாகத்தான் வாசிக்க வேண்டிய இடம் என்று விளக்கினேன். தந்திகளின் மேல் ஒரு சின்ன ரப்பரைச் செருகி, ஓசையை அடக்கிவிட்டுத்தான் வாசிப்போம். "நல்லது," என்றார். மாமாவுக்குச் சங்கீத ஞானம் வந்துவிட்டதென்று சந்தோஷப்பட்டேன்.

பிரதம விருந்தினர் வெறும் தோளோடு வீட்டுக்குப் போவதை எங்கள் அப்பாவால் நினைத்தும் பார்க்க முடியாது. கச்சேரி நடக்கிற பள்ளிக்கூடம் ஆஸ்திரேலியப் பள்ளிக்கூடம், இசை ஐரோப்பிய இசை, ஆனாலும் பொன்னாடை போர்த்தியே ஆக வேண்டும். எங்கள் அலுமாரியில் பொன்னாடைகள் ஒரு விழாவிலிருந்து வந்து இன்னொரு விழாவுக்குப் போய்க்கொண்டிருக்கும். அவற்றில் சுருக்கம் இல்லாத ஒன்றை அப்பா தேர்ந்தெடுத்து, ஆசிரியையிடம் கேட்டு அனுமதியும் வாங்கிவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு போர்த்தலாம் என்றார் ஆசிரியை. கச்சேரியன்று பொன்னாடைப் பை மாமாவின் மடியில் இருந்தது.

கச்சேரி அருமையாக நடந்தது. ஓட்டமும் கோபமும் கச்சிதமாக வந்தன. மெல்லிய பகுதி தொடங்கியது. முதலில் ஊதுவாத்தியக்காரர்கள் தங்கள் சின்ன விளக்குகளை அணைத்துவிட்டு எழுந்து போனார்கள். பிறகு மற்றவர்கள். மேடை கொஞ்சம் கொஞ்சமாக இருண்டது. எம்.பி. முன்னால் சாய்ந்து, கூர்ந்து கவனிக்கத் தொடங்கினார். ஆசிரியையும் இறங்கிப்போய்விட்டார். நாங்கள் இருவர் மட்டும்.

அப்போது மாமா எழுந்தார்.

பொன்னாடையை இரண்டு கைகளிலும் விரித்துப் பிடித்தபடி முன்வரிசைக்குப் போனார். எம்.பி.க்கும் மேடைக்கும் நடுவில் நின்று, "தாங்க் யூ சேர்," என்று உரக்கச் சொல்லி, போர்த்தினார். பாவம் எம்.பி., எழுந்து கும்பிட்டார். மாமா அவருடைய கையைப் பிடித்தவர் விடவில்லை. நிகழ்ச்சியில் இதுவும் ஒரு அங்கம் என்று நினைத்துச் சனம் சிரித்தது, கைதட்டியது, போனை உயர்த்திப் படம் பிடித்தது. ரப்பர் செருகிய இரண்டு வயலின்களும் அந்தச் சத்தத்துக்குள் எங்கேயோ ஓய்ந்தன.

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். ஆட்கள் எழுந்து போவதைப் பார்த்து, விருந்தினரும் போய்விடப் போகிறார் என்று மாமா அவசரப்பட்டுவிட்டார் என்பதுதான் எல்லோருடைய தீர்ப்பும். எங்கள் விழாக்களில் அப்படி நடக்கிறதுதானே. ஊர் வருடக்கணக்காக அவரைப் பகிடி பண்ணியது. மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. இளவரசருக்கு விளங்கிவிட்டது, மாமா நன்றி சொல்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். அடுத்த நாளே என் அலுமாரியில் பாதியை மச்சாளுக்காகக் காலி பண்ணினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாமியும் மச்சாளும் வந்தார்கள். அந்த எம்.பி. தேர்தலில் தோற்று, சட்டங்கள் மாறி, மாமாவின் தலை நரைத்த பிறகு வந்தார்கள். என் வயலினுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

போன மாதம், இப்போது நான் வாசிக்கிற இசைக்குழுவில் அதே சிம்பொனியை வாசித்தோம். மாமா குடும்பத்தோடு வந்திருந்தார். முடிந்ததும் கார் நிறுத்தும் இடத்தில் கேட்டேன்.

"மாமா, அண்டைக்கு முடிஞ்சுது எண்டு நினைச்சோ எழும்பினீங்கள்?"

"எனக்கு முடிவு தெரியாதோ? நீதானே கிழமைக்குக் கிழமை சொன்னனீ."

"அப்ப ஏன்?"

"பிள்ளை, அது ஆக்களை வீட்டை அனுப்பச் சொல்லி ராசாவைக் கேக்கிற பாட்டு. அந்த நேரம் என்னோட படகில வந்த பெடியளைப் பிளேனில ஊருக்குத் திருப்பி ஏத்திக்கொண்டிருந்தவங்கள். அந்தாளுக்கு அது விளங்கியிருந்தால், முதல் என்னையெல்லோ அனுப்பியிருப்பார்."

சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். வீட்டுக்குப் போகலாம் என்பது உலகத்தில் எல்லோருக்கும் நல்ல செய்தி என்றுதான் பன்னிரண்டு வயதில் நான் நினைத்திருந்தேன். அதைத்தான் அவ்வளவு கவனமாக, ஒரு பிசகும் இல்லாமல் வாசித்தேன்.

காருக்குள் இருந்த மச்சாள் ஹோர்னை அடித்தாள். குளிருகிறதாம், வீட்டை போக வேண்டுமாம். "வாறன், வாறன்," என்று மாமா ஓடினார்.