தம்பியின் சுருட்டு

பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் விராலிமலை அடிவாரத்தில் நிற்கிறது. முருகனுக்குப் படைக்கச் சுருட்டு வாங்க, வழக்கமான கடைக்கார அம்மாளிடம் போகிறேன்.

"தம்பி வரலீங்களா? வருசாவருசம் சேந்துல்ல வருவீங்க!"

"கறுப்புச் சட்டை போட்டுட்டான். சாமி சுருட்டு குடிக்குமான்னு சிரிக்கிறான். வீட்டை விட்டுப் போடான்னுட்டேன்."

"சாமியே சும்மா இருக்கையில ஒங்களுக்கு ஏங்க அம்புட்டுக் கோவம்?"

கைக்குழந்தையாய் நோயில் கிடந்த அவன் பிழைக்க வேண்டுமென்று எங்கள் தாயார் நேர்ந்துகொண்ட சுருட்டு இது. அவன் சிரித்தது செத்துப்போன தாயாரைப் பார்த்துச் சிரித்ததாகவே எனக்குப் பட்டது. அதை அவனிடம் சொல்லவில்லை. சாமி உண்டா இல்லையா என்றுதான் கத்தினேன்.

"எப்பவும்போல ரெண்டா? ஒண்ணு போதுமா?" என்கிறாள்.

அவன் பேருக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு, தனியே படியேறுகிறேன்.