மூன்றாவது பாட்டில் பேஸ் வாசித்தவர்

பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'சுருக்கு' என்றாகிவிட்டது. வெளியூர் நிருபர்கள் தொலைபேசியில் கொட்டும் செய்திகளைச் சுருக்கெழுத்தில் பிடித்து, தட்டச்சு செய்து செய்தி ஆசிரியரின் மேஜையில் வைப்பதுதான் வேலை. பாட்டுக்கும் அவளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. குளிக்கும்போது முணுமுணுத்தால்கூட அக்கா கதவைத் தட்டி நிறுத்தச் சொல்லுவாள்.

அவளுக்கு இருபத்து மூன்று வயதானபோது, ராக் கச்சேரிகளைப் பற்றி எழுதிவந்த விளையாட்டு நிருபர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறு ஆள் கிடைக்காமல் ஆசிரியர் இவளை அனுப்பினார். எனக்கு ஒன்றும் தெரியாதே என்றதற்கு, பார்த்ததை எழுது, தெரிந்த மாதிரி மட்டும் எழுதாதே என்றார்.

மதியமே அரங்கத்துக்குப் போய்விட்டாள். டிரம்ஸ் நகராமலிருக்க அதன் முன்னால் ஒருவர் செங்கல்லை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் ஒருவன் கிட்டாருடன் அசையாமல் நின்றான். அவன் மேடையில் அப்படியே நிற்பதால் குழுவில் அவனுக்குக் 'கம்பம்' என்று பெயர். மற்ற கிட்டாரில் ஆறு கம்பி, உங்களுடையதில் மட்டும் ஏன் நாலு என்று சுருக்கு கேட்டாள். அவன் சிரிக்கவில்லை. இது பேஸ் கிட்டார் என்று சொல்லி, ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் கையை வைக்கச் சொல்லி, ஒரு கம்பியைத் தட்டினான். உள்ளங்கை வழியாக முழங்கை வரை அதிர்ந்தது.

"காதுல தேடாதீங்க. இங்கதான் இருக்கும்" என்றான்.

செங்கல்லையும் முழங்கையையும் அப்படியே எழுதினாள். வாசகர்களுக்குப் பிடித்துப்போயிற்று. காய்ச்சல் தெளிந்து வந்த நிருபர், விட்டது தொல்லை என்று கிரிக்கெட்டோடு நின்றுகொண்டார். வாரம் ஒரு கட்டுரையாக அவள் இருபத்தாறு வருடம் எழுதினாள். வளராத குழுவை வளர்ந்ததாக ஒருநாளும் எழுதியதில்லை. ஸ்ருதி விலகினால் விலகியது என்றே எழுதினாள். அதற்காக முறைத்துக்கொண்டவர்கள் உண்டு, திருந்தியவர்களும் உண்டு.

நாலாவது வருடம் கம்பத்தின் குழு ஓர் இசைத்தட்டு போட்டது. அதில் மூன்றாவது பாட்டின் பேஸ் ஊரையே ஆட்டியது. பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்கள் வார்த்தையை விட்டுவிட்டு அதை மட்டும் 'டும் டும்' என்று முனகினார்கள். குழுவின் பாடகனைப் பேட்டி காண அவள் ஒலிப்பதிவுக் கூடத்தின் கேன்டீனுக்குப் போனாள். தேநீர் ஆறிக்கொண்டிருக்க, அவன் தானாகவே சொன்னான்.

"மூணாவது பாட்டுல பேஸ் கம்பம் வாசிச்சது இல்ல. அவனுக்கு விரல் வரல. அடுத்த நாள் காலையில நானே வந்து, அவன் வாசிச்சத அழிச்சிட்டு வாசிச்சேன். அவனுக்குத் தெரியாது."

எழுதாதே என்று அவன் சொல்லவில்லை. பென்சில் அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் கட்டுரையில் அவள் அதைச் சேர்க்கவில்லை. பெட்டியின் மேல் கை வைக்கச் சொன்ன மனிதனை ஊர் முன்னால் தலைகுனிய வைக்க மனம் வரவில்லை. நல்லது செய்ததாகவே நினைத்துக்கொண்டாள்.

பதினாறு வருடம் கழித்துப் பாடகன் நோயில் இறந்தான். குழு கலைந்தது. கம்பம் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சுருக்கு, அந்தக் குழுவைப் பற்றிப் புத்தகம் எழுதப் பழைய குறிப்பேடுகளைப் பிரித்தாள். கேன்டீனில் பாடகன் சொன்னதைக் குறித்திருந்த பக்கம் வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

அக்காவிடம் சொன்னாள். அந்தக் கோழிக்கிறுக்கலை உன்னைத் தவிர யாரால் படிக்க முடியும், பேசாமல் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு போ என்றாள் அக்கா. அவளால் முடியவில்லை. எத்தனையோ பேரின் குறையைப் பெயர் போட்டு எழுதிய கை அது. இவர் ஒருவருக்கு மட்டும் எப்படி விலக்குக் கொடுப்பது? அவரைக் கேட்காமல் எழுதுவதும் சரியாகப்படவில்லை.

பயிற்சிப் பள்ளியில் சாலை விதிகளின் படங்களுக்கு நடுவே அந்த இசைத்தட்டு சட்டம் போட்டுத் தொங்கியது. அதைப் பார்த்ததும் திரும்பிவிடலாமா என்றிருந்தது. உட்கார்ந்து, குறிப்பேட்டை விரித்து, ஒரு சொல்கூட மாற்றாமல் படித்துக் காட்டினாள். கம்பம் மேஜை மேலிருந்த சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும். முதல் தடவை கேட்டப்பவே தெரியும். என் கை எனக்குத் தெரியாதா?"

"ஏன் ஒண்ணும் கேக்கல?"

"அவனே சொல்லுவான்னு பார்த்தேன். பதினாறு வருஷம் ஒரே வண்டியில போனோம். உங்ககிட்ட சொல்லிருக்கான், என்கிட்ட சொல்லல."

தட்டைப் போட்டுக் கேட்டுக் கேட்டு ஆறு வாரத்தில் அதைப் பழகிவிட்டதாகவும், அதற்குப் பிறகு எல்லா மேடையிலும் தானே வாசித்ததாகவும் சொன்னார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க அப்பவே எழுதியிருக்கலாம். ரெண்டு பேரும் சண்ட போட்டிருப்போம். சண்ட போட்டாவது பேசியிருப்போம்."

அவர் குரலில் கோபமில்லை. கோபித்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை வருடம் இரக்கம் என்று பத்திரப்படுத்தி வைத்திருந்தது, இரண்டு நண்பர்களுக்கு நடுவே அவள் சாத்திய கதவாக இருந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டாள். அவர் தலையை மட்டும் அசைத்தார். மேடையில் வாசித்தது யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, வாசலில் காத்திருந்த ஒரு பெண்மணிக்கு வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுக்கப் போனார்.

எல்லாவற்றையும் எழுதினாள், தான் மறைத்ததையும் சேர்த்து. புத்தகம் வந்தபின் சில ரசிகர்கள் அவளைத் திட்டிக் கடிதம் போட்டார்கள். கம்பம் கடிதம் எதுவும் எழுதவில்லை. பத்துப் பிரதி வாங்கியதாகப் பதிப்பாளர் சொன்னார்.

அடுத்த புத்தகத்துக்கு அவள் இப்போதும் பேட்டி எடுக்கிறாள். ஒருவரைப் பற்றி இன்னொருவர் ஏதாவது சொன்னால் பென்சிலை நிறுத்திவிட்டு, "இத அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அதைக் கேட்டு எழுந்து போனவர்கள்தான் அதிகம். போன மாதம் ஒரு டிரம்ஸ்காரர் மட்டும், கொஞ்சம் இருங்கள் என்று போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அவர் திரும்பி வரும்வரை சுருக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தாள்.